பேய்ப்படத்துக்கு அரங்கு ஏன் வேண்டும்? ‘பிரமயுகம்’ பார்த்த இரண்டு காட்சிகளும் ஒரு கேள்வியும்

கணவாய்க்காற்று | 18 பிப்ரவரி 2024

வெள்ளிக்கிழமை இரவு கோயம்புத்தூரில் இரண்டாம் ஆட்டம் ‘பிரமயுகம்’ பார்த்தேன். ராகுல் சதாசிவன் இயக்கத்தில் மம்மூட்டி நடித்த மலையாளப் படம். தொடக்கம் முதல் முடிவு வரை கருப்பு வெள்ளை. எங்கள் ஊரில் மலையாளப் படங்களுக்கு எப்போதுமே ஒரு கூட்டம் உண்டு என்பதால், இரவுக் காட்சியாக இருந்தும் முக்கால்வாசி இருக்கைகள் நிரம்பியிருந்தன. பார்க்காதவர்களுக்காகக் கதையின் வாசலை மட்டும் சொல்லிவிட்டு நின்றுகொள்கிறேன். பதினேழாம் நூற்றாண்டு மலபாரில் பாணர் குலத்துப் பாடகனான தேவன் உயிருக்கு அஞ்சித் தப்பி ஓடுகிறான். உடன் வந்த தோழனைக் காட்டில் யட்சிக்குப் பறிகொடுக்கிறான். பசியும் மழையும் துரத்த ஒரு பாழடைந்த மனைக்குள் நுழைகிறான். அங்கே கொடுமோன் போற்றி என்ற முதியவரும் ஒரு சமையற்காரனும் தவிர வேறு யாரும் இல்லை. போற்றி அவனைப் பகடை ஆட அழைக்கிறார். பணயமாக அவர் கேட்பது தேவனின் காலத்தை.

அந்தப் பகடைக் காட்சியில் எங்கள் அரங்கு முழுவதும் அசையாமல் இருந்தது. எனக்கு முன்வரிசையில் ஒருவர் பாப்கார்ன் பொட்டலத்துக்குள் விட்ட கையை வெளியே எடுக்க மறந்து அப்படியே வைத்திருந்தார். திரையில் பேய் எதுவும் பாயவில்லை. ஒரு முதியவர் மெல்லப் பேசிச் சிரிக்கிறார், அவ்வளவுதான். ஆனாலும் எழுந்து வெளியே போய்விடலாமா என்று எனக்குத் தோன்றியது. வீட்டில் பார்த்திருந்தால் ரிமோட்டை எடுத்து நிறுத்தியிருப்பேன், சமையலறை விளக்கைப் போட்டிருப்பேன், தண்ணீர் குடித்திருப்பேன். அரங்கில் என் கையில் எதுவும் இல்லை. தேவன் அந்த மனையில் எப்படி மாட்டிக்கொண்டானோ அதே போல, அடுத்து வருவதை எப்போது பார்ப்பது என்று தீர்மானிக்கும் உரிமையை நான் வாசலிலேயே ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மாலை, தம்பியை அழைத்துக்கொண்டு வேறொரு அரங்குக்குப் போனேன். அதே படம்; ஆனால் எல்லாம் மாறியிருந்தது. கருப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. வசனம் கேட்டதே தவிர, மழைக்குப் பின்னால் இருந்த மற்ற ஓசைகள் எதுவும் காதுக்கு வரவில்லை. பகடைக் காட்சியில் பின்வரிசையில் சிலர் சத்தமாகச் சிரித்தார்கள். மூன்று நான்கு கைப்பேசிகள் ஒளிர்ந்தன. வெளியே வந்ததும் தம்பி, “நன்றாக நடித்திருக்கிறார்கள், ஆனால் இதில் பயப்பட என்ன இருக்கிறது?” என்று கேட்டான். அவனிடம் சொல்ல எனக்கு விடை இல்லை.

ஒரே படம் ஒரே நாள் இடைவெளியில் இத்தனை வேறுபடுவதற்குக் காரணம் கூட்டமா, அரங்கின் கருவிகளா, அல்லது இரண்டாம் முறை பார்த்ததால் எனக்கே மரத்துப்போனதா? இந்தத் தொழிலை அறிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

ஒலிமேசை | 19 பிப்ரவரி 2024

நான் பதினோரு ஆண்டுகளாகப் படங்களின் இறுதி ஒலிக்கலவையில் பணிபுரிகிறேன். உங்கள் கேள்வியின் ஒரு பாதிக்கு என்னால் உறுதியாக விடை சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

கலவைக்கூடத்தில் நாங்கள் படத்தைக் கேட்கும் ஒலியளவு எங்கள் விருப்பத்துக்கு விடப்பட்டதன்று. அளவிடுவதற்கென்று உள்ள ஒரு சீரான இரைச்சலைத் திரைக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு ஒலிபெருக்கியிலும் தனித்தனியே செலுத்தி, அது பார்வையாளர் அமரும் இடத்தில் 85 டெசிபெல் காட்டும்படி அமைத்துக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்குவோம். அந்த நிலைக்கு அரங்குகளில் உள்ள டால்பி கருவியின் ஒலியளவுக் குமிழ் 7 என்ற எண்ணில் நிற்க வேண்டும். நான் சென்று பார்த்த அரங்குகளில் பெரும்பாலும் அது 5-ல் நிற்கிறது. சில இடங்களில் 4.5-ல்கூட நிற்கிறது. அந்தக் குமிழில் ஓர் எண் குறைந்தால் ஏறத்தாழ 3.3 டெசிபெல் குறையும். 7-லிருந்து 5-க்கு இறக்கினால் ஒலியின் ஆற்றல் ஐந்தில் ஒரு பங்காகிவிடும்.

சண்டைப் படத்துக்கு இது பெரிய சேதமன்று, ஏனெனில் அதன் உரத்த பகுதிகள் குறைத்த பிறகும் உரத்தே இருக்கும். பேய்ப்படத்துக்கு இதனால் அடிமடியிலேயே சேதம். அச்சத்தை நாங்கள் கட்டுவது ஒலியின் கீழ்த்தட்டில்தான்: தூரத்தில் ஒரு கதவின் கீல், ஆள் இல்லாத அறையில் ஒரு மூச்சு, காதால் கேட்பதற்கும் மார்பால் உணர்வதற்கும் இடையில் நிற்கும் ஒரு தாழ்ந்த அதிர்வு. அரங்கின் குளிரூட்டி இரைச்சலும் மக்களின் அசைவும் ஏற்கெனவே ஒரு தளத்தில் இருக்கின்றன. குமிழை இறக்கியவுடன் நாங்கள் வைத்த மெல்லிய ஓசைகள் எல்லாம் அந்தத் தளத்துக்குக் கீழே போய் மூழ்கிவிடுகின்றன. உங்கள் தம்பி பார்த்த காட்சியில் அந்த அறையின் ஓசைகள் இல்லை; அவர் வெறும் உரையாடலை மட்டுமே பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அவர் பயப்படாததில் வியப்பில்லை.

இதன் விளைவு அடுத்த படத்திலும் தெரியும். அரங்குகள் ஒலியைக் குறைத்து வைக்கின்றன என்று அறிந்த இயக்குநர்கள், மெல்லிய ஓசைகளை நம்புவதை விட்டுவிட்டுத் திடுக்கிட வைக்கும் இடங்களை இன்னும் உரக்க அமைக்கச் சொல்கிறார்கள். காது வலிக்கிறது என்று பார்வையாளர்கள் முறையிட, அரங்கினர் குமிழை மேலும் இறக்குகிறார்கள். இந்தச் சுழலில் முதலில் செத்துப்போவது அமைதி.

ஆனால் திடுக்கிட வைப்பதற்கு உரத்த ஓசை தேவை என்பதே ஒரு தவறான எண்ணம். 1942-ல் வெளிவந்த ‘கேட் பீப்பிள்’ படத்தில் ஒரு பெண் இரவில் தனியே நடந்து செல்கிறாள். பின்னால் இன்னொரு காலடி ஓசை தொடர்கிறது. பிறகு அது நின்றுவிடுகிறது. நின்றுபோன ஓசையைத்தான் நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவள் திரும்பிப் பார்க்கும் நேரத்தில் ஒரு பேருந்து காற்றுப் பிரேக்கின் சீறலோடு திரைக்குள் நுழைகிறது. வந்தது சாதாரண நகரப் பேருந்து. தயாரிப்பாளர் வேல் லூட்டனின் பெயரால் இந்த உத்தியை இன்றும் ‘லூட்டன் பேருந்து’ என்று எங்கள் தொழிலில் சொல்கிறார்கள். அந்தச் சீறலுக்கு வலிமை தந்தது அதற்கு முந்தைய சில நொடிகளின் அமைதி. அந்த அமைதி அரங்கில் அமைதியாக ஒலிக்க வேண்டுமானால், அரங்கும் அதில் இருப்பவர்களும் ஒத்துழைத்தாக வேண்டும்.

இரண்டாம் ஆட்டம் | 20 பிப்ரவரி 2024

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் அரங்குகளில் படம் ஓட்டும் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். டென்ட் கொட்டகையில் தொடங்கி, நிலையான அரங்கு, பிறகு டிஜிட்டல் என்று மூன்று காலத்தையும் பார்த்திருக்கிறேன். ஒலிமேசை நண்பர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் குமிழை இறக்குபவனின் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு குடும்பம் எழுந்து மேலாளரின் அறைக்குப் போகிறது. குழந்தை அழுகிறது, சத்தத்தைக் குறையுங்கள் என்கிறார்கள். மேலாளர் மேலே சொல்லி அனுப்புகிறார், நான் குறைக்கிறேன். அடுத்த காட்சிக்கு அதைத் திரும்ப ஏற்றும்படி யாரும் வந்து கேட்பதில்லை. சத்தம் அதிகம் என்று முறையிடுகிறவர்கள் உண்டு. அமைதி போதவில்லை என்று முறையிட்டவர் ஒருவரையும் நான் முப்பத்திரண்டு ஆண்டுகளில் சந்தித்ததில்லை. இதைத் தவிர ஒலிபெருக்கி கிழிந்துபோனால் மாற்றும் செலவு முதலாளிக்கு. அந்த அச்சமும் குமிழைக் கீழேயே வைத்திருக்கிறது.

சாம்பல் பூத்த கருப்பு என்று நண்பர் எழுதியதற்குக் காரணம் பல இருக்கலாம். புரொஜக்டர் விளக்கின் ஆயுள் முடிந்த பிறகும் அதையே வைத்து ஓட்டுவது ஒன்று. செனான் விளக்கு மங்க மங்க வெள்ளை வெள்ளையாக இராது. அப்போது கருப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள தூரம் சுருங்கிவிடும். முப்பரிமாணப் படத்துக்காகப் பொருத்திய வடிகட்டியைக் கழற்றாமலே சாதாரணப் படத்தை ஓட்டுகிற இடங்களும் உண்டு. அது ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். படிக்கட்டு விளக்குகளின் ஒளி திரையில் படுவதும் ஒரு காரணம். வண்ணப் படத்தில் இவற்றைக் கண் மன்னித்துவிடும். முழுக்கக் கருப்பு வெள்ளையில் எடுத்த படத்தில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

இருட்டைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறேன். பிலிம் காலத்துப் புரொஜக்டரில் ஒரு நொடிக்கு 24 படங்கள் நகரும். ஒரு படம் நகர்ந்து அடுத்தது வந்து நிற்கும் வரை ஒளியை மறைக்க ஓர் இறக்கை சுழலும். ஒளி மினுமினுப்பது கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதற்காக அது ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை காட்டி இரண்டு முறை மறைக்கும். கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ பாதி நேரம் திரையில் ஒளியே இருக்காது. இரண்டரை மணி நேரப் படம் பார்த்தவர், தான் அறியாமலே ஒரு மணி நேரத்துக்கும் மேலாக முழு இருட்டில் உட்கார்ந்திருந்தார் என்று பொருள். எந்திரத்தின் பக்கத்தில் நின்ற எனக்கு அந்த இருட்டு தெரியும். அதனால்தானோ என்னவோ, பிலிமில் பார்த்த பேய்ப்படம் போல இப்போது ஒன்றும் இல்லை என்று பழைய ஆட்கள் சொல்லும்போது நான் அதை வயதின் புலம்பல் என்று தள்ளுவதில்லை.

கொட்டகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கீற்று வேய்ந்த கூரையும் திறந்த பக்கங்களும் இருந்ததால் பகலில் படம் ஓட்ட முடியாது. மாலை ஆட்டம், இரவு ஆட்டம் என இரண்டே. 1990-ல் வந்த ‘13-ஆம் நம்பர் வீடு’ படத்தை எங்கள் கொட்டகையில் ஓட்டியபோது, தரை டிக்கெட்டில் மணலைக் குவித்துத் தனித்தனியே உட்காருகிறவர்கள் இடைவேளைக்குப் பிறகு ஒரே இடத்தில் நெருங்கி அமர்ந்திருந்ததைப் புரொஜக்டர் அறையின் சதுரத்துளை வழியாகப் பார்த்தேன். ஆட்டம் விட்டதும் ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஆள் சேரும்வரை வாசல் விளக்கடியில் நின்றார்கள். மூன்று கிலோமீட்டர் இருட்டில் நடக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் பேய்ப்படத்தின் இரண்டாம் பாதி அந்த வழியில்தான் நடந்தது.

மல்லிப்பந்தல் | 21 பிப்ரவரி 2024

ஐயா எழுதியதைப் படித்ததும் என் அம்மா சொல்லும் கதைகள் நினைவுக்கு வந்தன. ஆனால் அழுகிற குழந்தையோடு மேலாளரின் அறைக்குப் போன குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று என்பதால், அந்தப் பக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் மகளுக்கு எட்டு வயதானபோது ஒரு நகைச்சுவைப் பேய்ப்படத்துக்கு அழைத்துப் போனோம். சுவரொட்டியில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யு/ஏ சான்றிதழ் என்பதால் அன்றைய விதிப்படி பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்கள் பெற்றோர் துணையோடு பார்க்கலாம் என்று இருந்தது. 2011-ல் ‘காஞ்சனா’ பெற்ற வெற்றிக்குப் பிறகு எங்கள் வீடுகளில் பேய்ப்படம் என்றால் விடுமுறைக் காலத்துக் குடும்பப் படம் என்றே பொருளாகிவிட்டது. நாங்களும் அப்படி எண்ணித்தான் போனோம். இடைவேளைக்குச் சற்று முன்பு வந்த ஒரு காட்சியில் அவள் என் மடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதன் பிறகு பதினைந்து நாள் குளியலறைக் கதவைத் திறந்து வைத்துத்தான் குளித்தாள். நாங்கள் சத்தத்தைக் குறைக்கச் சொன்னது அந்த இருபது நிமிடங்களைக் கடப்பதற்காக. எழுந்து வெளியே போயிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்று நான்கு டிக்கெட்டுக்கும் பணம் கொடுத்திருந்தோம்.

கணவாய்க்காற்று நண்பர் சிரித்தவர்களைக் குறை சொல்கிறார். நான் முழுமையாக உடன்படவில்லை. அன்று என் மகளை மடியிலிருந்து நிமிர வைத்தது அரங்கு முழுவதும் எழுந்த ஒரு சிரிப்புதான். எல்லோரும் சிரிக்கிறார்கள் என்றால் ஆபத்து நீங்கிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. 1984-ல் வந்த ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ என்ற முப்பரிமாணப் படத்தை நான் சிறுமியாகக் கண்ணாடி போட்டுப் பார்த்தபோதும் அப்படித்தான்: திரையிலிருந்து ஏதோ முகத்துக்கு நேரே நீண்டு வரும், எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகக் கத்தி, ஒன்றாகச் சிரிப்போம். தனியாகக் கத்தியிருந்தால் அழுதிருப்பேன். கூட்டம் பயத்தைக் கூட்டுகிறது என்று சொல்பவர்கள், கூட்டம் பயத்தைத் தாங்கிப் பிடிக்கவும் செய்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வைகைக்கரை | 21 பிப்ரவரி 2024

சிரிப்பில் இரண்டு வகை உண்டு என்று நான் நினைக்கிறேன். 2013-ல் ‘தி கான்ஜுரிங்’ படத்தை மதுரையில் நிரம்பிய அரங்கில் பார்த்தேன். கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒளிந்திருப்பவர் தட்டும் கையோசையைத் தேடிச் செல்லும் ஒரு விளையாட்டு அதில் வரும். தாய் கண்ணைக் கட்டிக்கொண்டு மகள் தட்டுவதாக நம்பி அலமாரியை நோக்கி நடப்பாள். அலமாரிக்குள்ளிருந்து இரண்டு கைகள் நீண்டு தட்டும். அந்தத் தட்டல் கேட்டதும் அரங்கே அலறியது. அலறல் முடிந்த மறுநொடி அரங்கே சிரித்தது. அது அடக்கிய மூச்சு வெளியேறிய சிரிப்பு. மல்லிப்பந்தல் அவர்கள் சொல்வது இந்த வகை.

இன்னொரு வகைச் சிரிப்பு காட்சி வருவதற்கு முன்பே வருகிறது. “இப்போது பின்னாலிருந்து வரும் பார்” என்று உரக்கச் சொல்லிவிட்டுச் சிரிப்பவர், தான் பயந்துவிடக் கூடாது என்பதற்காக வேலி கட்டிக்கொள்கிறார். அந்த வேலி அவரை மட்டும் காப்பதில்லை, அவரைச் சுற்றிப் பத்து வரிசைக்குப் பயம் வராமல் செய்துவிடுகிறது. கோயம்புத்தூரில் மாலைக் காட்சியில் கேட்டது இந்த இரண்டாவது வகையாக இருக்க வேண்டும்.

கணவாய்க்காற்று | 22 பிப்ரவரி 2024

வைகைக்கரை சொன்னது சரி. பகடை உருளும் முன்பே சிரித்தார்கள். உருண்ட பிறகு சிரிக்கவில்லை. சகோதரி மல்லிப்பந்தல் எழுதியதைப் படித்த பிறகு என் முதல் பதிவில் சிரித்த எல்லோரையும் ஒரே கூடையில் போட்டது பிழை என்று ஒப்புக்கொள்கிறேன். உங்கள் மகளுக்கு அந்தச் சிரிப்பு தேவைப்பட்டது. அதை மறுக்க எனக்கு மனமில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நகைச்சுவையும் பேயும் கலந்த படங்கள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக வரிசையாக வந்ததால், பேய் என்றாலே அடுத்த நிமிடம் ஒரு சிரிப்பு வரும் என்று எதிர்பார்க்க நம் அரங்குகள் பழகிவிட்டன. சிரிப்பு வராத படத்துக்கு வந்தாலும் அந்தப் பழக்கத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர முடியவில்லை. இதே தமிழில் அந்தப் பழக்கம் எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. 2009-ல் மட்டும் ‘யாவரும் நலம்’, ‘ஈரம்’ என்ற இரண்டு படங்கள் வந்தன. ஒன்றில் பேய் வருவது வீட்டுப் பெண்கள் நாள்தோறும் பார்க்கும் தொலைக்காட்சித் தொடருக்குள், மற்றொன்றில் தண்ணீருக்குள். இரண்டுமே நம் வீட்டில் அன்றாடம் இருக்கும் பொருள்கள். ‘ஈரம்’ பார்த்த அன்று அரங்கின் கழிப்பறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த நாங்கள் நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், யாரும் பேசவில்லை. 2012-ல் ‘பீட்சா’ ஒரு மனிதனையும் ஒரு டார்ச் விளக்கையும் ஒரு பங்களாவையும் மட்டும் வைத்துக்கொண்டு நெடுநேரம் எங்களை உட்கார வைத்தது. திரையில் அந்த விளக்கின் வட்டம் விழுந்த இடத்தைத் தவிர வேறு ஒளி இல்லாததால் அரங்கின் இருட்டும் பங்களாவின் இருட்டும் ஒன்றாகிவிட்டன. அன்று ஒருவர் கைப்பேசியை எடுத்திருந்தால் அந்த வீட்டில் இன்னொரு டார்ச் எரிந்தது போல இருந்திருக்கும்.

ஐயா அவர்களுக்கு ஒரு கேள்வி: ஒலியைத் திரும்ப ஏற்றும்படி யாரும் கேட்டதில்லை என்றீர்கள். கேட்டால் ஏற்றுவார்களா?

இரண்டாம் ஆட்டம் | 22 பிப்ரவரி 2024

மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள். படம் தொடங்குவதற்கு முன் கேளுங்கள், இடையில் வேண்டாம். இரவுக் காட்சிக்குக் குழந்தைகள் குறைவு என்பதால் தயங்க மாட்டார்கள். என்னிடம் ஒருவர் வந்து கேட்டிருந்தால் அந்த ஆளை எனக்குக் கடைசிவரை நினைவிருந்திருக்கும்.

அரைநிலவு | 23 பிப்ரவரி 2024

எனக்குக் கூட்டமே ஒத்துவராது. நான் பேய்ப்படங்களை வார நாள் காலைக் காட்சியில், பத்துப் பேர் இருக்கும் அரங்கில் பார்ப்பவன். பின்னால் எட்டு வரிசை காலி இருக்கைகள் இருப்பது போன்ற பயம் எந்தப் படத்திலும் இல்லை. எந்த இருக்கை நல்லது என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

ஒலிமேசை | 23 பிப்ரவரி 2024

திரையிலிருந்து பின்சுவர் வரையுள்ள தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடு இருக்கை. ஒலிபெருக்கிகளை அளவிட்டு அமைப்பது அந்த இடத்தை மனத்தில் வைத்துத்தான். கடைசி வரிசையில் அமர்ந்தால் பின்சுவர் ஒலிபெருக்கி உங்கள் தலைக்கு மேலேயே இருக்கும். பின்னாலிருந்து வர வேண்டிய காலடி ஓசை உச்சந்தலையில் விழும், ஏமாற்றமாக இருக்கும்.

காலி அரங்கைப் பற்றி ஒரு வார்த்தை. உடம்பும் துணியும் ஒலியை உறிஞ்சும் என்பதால், ஆளில்லாத அரங்கு சற்றே கூடுதலாக எதிரொலிக்கும். உங்கள் பின்னால் உள்ள எட்டு வரிசைகளில் யாரோ இருப்பது போலத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இருட்டும் தன் பங்குக்கு வேலை செய்கிறது. திடீர் ஓசைக்கு மனிதக் கண் ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குக்குள் தானாக மூடத் தொடங்கிவிடும். ஆய்வாளர்கள் மனிதர்களை இருட்டில் அமர்த்திச் சோதித்தபோது அந்த அனிச்சைச் செயல் வெளிச்சத்தில் இருந்ததைவிட வலுவாக இருந்தது. ஆகவே பயப்படுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. அறிவு வந்து சேர்வதற்கு முன்பே உடம்பு முடிவெடுத்துவிடுகிறது.

கீழ்வானம் | 17 மார்ச் 2024

இந்த இழையைச் சென்ற மாதம் முழுவதும் படித்தேன். எங்கள் ஊரில் படம் வெளியாகாததால் எழுத ஒன்றுமில்லாமல் இருந்தேன். முந்தாநாள் சோனி லிவ் தளத்தில் வந்துவிட்டது. நேற்று மாலை வீட்டில் பார்த்தேன். உங்களையெல்லாம் புண்படுத்த வேண்டும் என்று சொல்லவில்லை, ஆனால் எனக்குப் பயம் வரவில்லை. நல்ல படம், நல்ல நடிப்பு, அழகான ஒளிப்பதிவு. அந்தத் தம்பி கேட்டதையே நானும் கேட்கிறேன். இத்தனை பேர் அரங்கைப் பற்றி எழுதியது, படத்தில் இல்லாத ஒன்றை அரங்கு சேர்த்துக் கொடுத்தது என்பதால்தானோ?

கணவாய்க்காற்று | 17 மார்ச் 2024

புண்படவில்லை நண்பரே. எப்படிப் பார்த்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்: விளக்கு எரிந்ததா, வீட்டில் வேறு யாராவது இருந்தார்களா, இடையில் எத்தனை முறை நிறுத்தினீர்கள்?

கீழ்வானம் | 17 மார்ச் 2024

கூடத்து விளக்கு எரிந்தது. அம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். எத்தனை முறை நிறுத்தினேன் என்று எண்ணவில்லை. பால்காரர் வந்தபோது ஒரு முறை, அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தபோது இரண்டு முறை நிச்சயமாக நிறுத்தினேன்.

இரண்டாம் ஆட்டம் | 18 மார்ச் 2024

தம்பி, இன்னொரு முறை பாருங்கள். இரவு பத்தரைக்கு மேல், எல்லோரும் உறங்கிய பிறகு, விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் பாருங்கள். காதுக்கு ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். அரங்கு ஆகாது, ஆனால் கொட்டகை அளவுக்காவது வரும்.

கீழ்வானம் | 20 மார்ச் 2024

ஐயா சொன்னபடியே நேற்றிரவு பார்த்தேன். அம்மா உறங்கிய பிறகு பத்தே முக்காலுக்குத் தொடங்கினேன். முதல் முறை நான் கேட்காத ஓசைகள் பல இருந்தன. மழை எல்லா இடத்திலும் ஒரே மழையாக இல்லை. முற்றத்தில் ஒரு மாதிரியும் தாழ்வாரத்தில் ஒரு மாதிரியும் பெய்கிறது. மனைக்குள் ஆட்கள் இல்லாத திசையிலிருந்தும் ஏதோ ஓர் அசைவு வந்துகொண்டே இருக்கிறது. ஒலிமேசை அவர்கள் மூழ்கிப்போவதாகச் சொன்னது இவற்றைத்தான் என்று விளங்கியது.

பகடைக் காட்சி வந்தது. போற்றி காய்களைக் கையில் எடுத்துத் தேவனைப் பார்த்தார். அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்தினேன். யாரும் அழைக்கவில்லை, கதவு தட்டப்படவில்லை. கை தானாகப் போய் நிறுத்தியது. எழுந்து சமையலறை விளக்கைப் போட்டு ஒரு குவளை தண்ணீர் குடித்தேன். அம்மா விழித்துக்கொண்டு, “யாரது?” என்று கேட்டார்கள். “நான்தான்” என்றேன். திரும்பி வந்து உட்கார்ந்து மறுபடி ஓட்டியபோது காய்கள் உருண்டன, ஆட்டம் முடிந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நிறுத்தியது தவறு என்று அப்போதே தெரிந்துவிட்டது. பின்னால் தள்ளி முதலிலிருந்து அந்தக் காட்சியைப் பார்த்தேன்; அது திரும்ப வரவில்லை.

இந்த இயக்குநரின் அடுத்த படம் எப்போது வந்தாலும் பேருந்து ஏறியாவது அரங்கில் பார்த்துவிடுவது என்று இருக்கிறேன். கணவாய்க்காற்று அவர்களே, கோயம்புத்தூரில் நீங்கள் முதல் முறை பார்த்த அரங்கு எது என்பதைத் தனிச்செய்தியில் தெரிவியுங்கள். இரவு ஆட்டம் விட்ட பிறகு எங்கள் ஊருக்குப் பேருந்து உண்டா என்பதையும் விசாரித்து வைக்க வேண்டும்.